விசா வேண்டாம், ஆனால் கடவுச்சீட்டைப் பார்த்தீர்களா?

"சிங்கப்பூருக்கு விசாவே தேவையில்லையாம், ரிக்கட் எடுத்தால் போதுமாம்." பாடசாலை விடுமுறை நெருங்கும்போது நமது வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் பாதிதான் உண்மை. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சுற்றுலாவாகவோ உறவினரைப் பார்க்கவோ குறுகிய காலத்துக்குச் சிங்கப்பூர் செல்ல, முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ரிக்கட் மட்டும் போதும் என்பது தவறு.

ஹஜ், உம்றாப் பயணமென்றால் முகவர் நிலையத்தார் நமது கடவுச்சீட்டை வாங்கிப் பார்ப்பார்கள். திகதி போதாது, பெயர் பொருந்தவில்லை என்றால் அப்போதே சொல்லிவிடுவார்கள். விசா வழங்கும் அலுவலகமும் ஒரு தடவை பார்க்கும். விசா இல்லாத பயணத்தில் அப்படிப் பார்த்துச் சொல்ல எவருமில்லை. பிழை வெளிப்படுவது விமான நிலையத்தில்தான். அந்தப் பரிசோதனையை வீட்டிலேயே செய்துகொள்வது நமது பொறுப்பு.

ஆறு மாதக் கணக்கு

சிங்கப்பூர் செல்பவரின் கடவுச்சீட்டு குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். போகும் நாளிலிருந்து எண்ணாமல், திரும்பி வரும் நாளிலிருந்து எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது. டிசம்பர் 12ஆம் திகதி திரும்புவதாக இருந்தால், அடுத்த ஜூன் 12 வரையாவது கடவுச்சீட்டு உயிரோடு இருக்க வேண்டும். மே மாதம் முடிவதாக இருந்தால் போதாது.

இங்கே தாய்மார் விசேடமாகக் கவனிக்க வேண்டியது பிள்ளைகளின் கடவுச்சீட்டை. பெரியவர்களுக்கு 10 வருடத்துக்கு எடுத்திருப்போம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் 3 வருடக் கடவுச்சீட்டையே எடுத்திருப்போம். அது முடிவது நமக்கு நினைவிருக்காது. வாப்பாவுடையதும் உம்மாவுடையதும் சரியாக இருந்து, பிள்ளையுடையது மட்டும் போதாமற் போனால் முழுக் குடும்பத்தின் பயணமும் தடைப்படும்.

2026 ஜனவரி 30 முதல், நுழைவு நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யாதவர்களை விமானத்திலேயே ஏற்ற வேண்டாம் என விமான சேவைகளுக்கு உத்தரவிடும் முறையைச் சிங்கப்பூர் தொடங்கியுள்ளது. அங்கே போய்ப் பேசிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இனிச் சரிவராது. கட்டுநாயக்காவிலிருந்தே வீடு திரும்ப நேரிடலாம்.

2024இன் பிற்பகுதியில் பத்தரமுல்லையில் கடவுச்சீட்டுக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். பிள்ளையின் கடவுச்சீட்டுக்குத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் கேட்கப்படும். தந்தை வெளிநாட்டில் தொழில் செய்யும் வீடுகளில் இதற்கே நாட்கள் எடுக்கும். ஆகவே ரிக்கட்டுக்குப் பணம் கட்டுமுன் கடவுச்சீட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

வருகைப் பதிவு

முன்னர் விமானத்தில் ஒரு வெள்ளை அட்டை தருவார்கள். மடியில் வைத்து நிரப்பிக் கொடுப்போம். 2020 முதல் அது கணினி வழிப் பதிவாகிவிட்டது. 'எஸ்.ஜி. அரைவல் கார்ட்' என்பது இதன் பெயர். கடவுச்சீட்டு இலக்கம், விமான விபரம், தங்குமிட முகவரி, சுகநிலை பற்றிய கேள்விகள் ஆகியன இதில் அடங்கும். இது விசாவல்ல. ஆனால் குடிவரவுப் பகுதியைக் கடந்து உள்ளே செல்லும் ஒவ்வொரு பயணிக்கும், கைக்குழந்தைக்கும்கூட, இது தேவை.

வந்து சேரும் நாளையும் சேர்த்து 3 நாட்களுக்குள் பதிய வேண்டும். 20ஆம் திகதி இறங்குவதாயின் 18ஆம் திகதியிலிருந்து பதியலாம். நள்ளிரவு விமானத்தில் ஏறுபவர்கள், இறங்கும் திகதி எது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்பதிவுக்கு ஒரு சதமும் கட்டணமில்லை. சிங்கப்பூர் குடிவரவு அதிகாரசபையின் இணையத்தளத்தில் அல்லது அதன் கைத்தொலைபேசிச் செயலியில் மட்டுமே பதியுங்கள். அதைப்போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் தளங்களும் இருக்கின்றன. கார்ட் இலக்கத்தைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நமது பெயர்களில் கவனம்

முஹம்மது, பாத்திமா போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே ரிக்கட்டிலும் பதிவிலும் இருக்க வேண்டும். கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்கள் புதிய இலக்கத்தைக் கொடுக்க மறக்க வேண்டாம்.

உள்ளே சென்றபின்

விசா தேவையில்லை என்பதற்காக உள்ளே விடுவது நிச்சயமென்று எண்ணிவிட முடியாது. திரும்பும் ரிக்கட், செலவுக்குப் பணம், தங்குமிடம் பற்றி அதிகாரி கேட்கலாம். 2022 ஏப்ரல் முதல் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. எந்தத் திகதிவரை தங்கலாம் என்பது மின்னஞ்சலுக்கு வரும். அந்த மின்னஞ்சல் கணவரின் தொலைபேசியில் மட்டும் இருந்தால் போதாது. உங்களுக்கும் அத்திகதி தெரிந்திருக்க வேண்டும். 90 நாட்களுக்கு மேல் அனுமதியின்றித் தங்கும் ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இன்னொன்று: இந்த அனுமதியில் தொழில் செய்ய முடியாது. "விசா இல்லாமல் போய் இறங்குங்கள், வேலையை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது உங்கள் வீட்டுப் பெண்ணையோ பிள்ளையையோ அழைத்தால் நம்ப வேண்டாம். வேலைக்குச் செல்பவர்கள் முறையான தொழில் அனுமதி பெற்று, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தே செல்ல வேண்டும்.

வீட்டிலுள்ள எல்லோரது கடவுச்சீட்டுகளின் முடிவுத் திகதிகளையும் ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். பயணப் பேச்சு எழும்போது முதலில் அதைப் பாருங்கள். ரிக்கட் விலையைப் பிறகு விசாரிக்கலாம்.