தலைக்குள் ஒரு தேக்கம்

மழைக் காலத்தில் கல்வராயன் மலையைப் பார்த்திருக்கிறீர்களா? சரிவெங்கும் சிற்றோடைகள் ஓடும். அவை ஒன்றுகூடிக் கோமுகி ஆறாகிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்கி, கடைசியில் வெள்ளாற்றின் வழியாகக் கடலைச் சேரும். அந்த ஆற்றின் குறுகலான இடத்தில் மரங்கள் விழுந்து வழியை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மேலேயிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். கீழே போக வழியில்லை. ஓடைகள் பின்னோக்கி நிரம்பும். கரையோர வயல்கள் ஊறிப்போகும்.

நம் தலைக்குள்ளும் இப்படி ஓடைகளும் ஆறும் உண்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மில்லிலிட்டர் இரத்தம் தமனிகள் வழியே மூளைக்குச் செல்கிறது. வேலை முடிந்த இரத்தம் சிறு சிரைகளில் சேர்ந்து, மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டியுள்ள அகன்ற சிரைக் கால்வாய்களில் விழுகிறது. பிறகு கழுத்துச் சிரை வழியே இதயத்துக்குத் திரும்புகிறது. இந்தக் கால்வாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. அரிய நோய்தான், ஆனால் ஆபத்தானது.

வயலில் வெள்ளம் பரவ இடமிருக்கிறது. மண்டையோடோ மூடிய பெட்டி. மூளையும், இரத்தமும், மூளையைச் சூழ்ந்த நீரும் அதில் நிறைந்துள்ளன. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். ஆகவே இரத்தம் தேங்கினால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. மூளை நீர் வடிவதும் அதே கால்வாயில்தான், அதுவும் தடைப்படுகிறது.

மூளைக்கு வலி தெரியாது. ஆனால் அதைப் போர்த்தியுள்ள உறைக்கும் கால்வாய்ச் சுவருக்கும் வலி தெரியும். அவை இழுபடும்போது தலை வலிக்கிறது. இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலி இருக்கிறது. பலருக்குப் படுத்தால் வலி கூடும். ஏன்? நிற்கும்போது தலையிலுள்ள இரத்தம் புவியீர்ப்பால் எளிதாக இறங்குகிறது. படுத்தால் தலையும் இதயமும் ஒரே மட்டம். அந்த உதவி இல்லை.

இரத்தம் ஏன் உறைகிறது? ஓட்டம் மந்தமாகலாம், குழாயின் சுவர் பழுதாகலாம், இரத்தத்தின் உறையும் தன்மையே மிகலாம். பிரசவத்தில் அதிக இரத்தம் போய்விடாமலிருக்க, இயற்கையே உறையும் தன்மையைக் கூட்டுகிறது. பிள்ளை பெற்றபின் சில வாரங்கள் அது நீடிக்கிறது. அப்போது உடலில் நீரும் வற்றினால் ஆபத்து அதிகம். "பச்சை உடம்புக்காரி, தண்ணீர் கொடுக்காதே" என்று சொல்லும் வீடுகள் இன்னும் உண்டல்லவா? கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மூளை இரத்தக் குழாய்கள் அடைபட்ட 135 பெண்களைப் பற்றி மதுரை நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் 1983இல் ஆய்வு வெளியிட்டார். நம் ஊர்ப் பெண்களின் நோய் இது.

இதற்குச் சிகிச்சை உண்டு. இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். தேக்கத்தால் மூளையில் இரத்தம் கசிந்திருந்தால் இது தீங்கல்லவா என்று மருத்துவர்களே முன்பு தயங்கினர். 1991இல் ஜெர்மனியில் 20 நோயாளிகளைக் கொண்டு சோதித்தனர். மருந்து பெற்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் முற்றிலும் குணமடைந்தனர், ஒருவரும் இறக்கவில்லை. பெறாத பத்துப் பேரில் மூவர் இறந்தனர். கசிவுக்குக் காரணமே அடைப்புதான். அடைப்பு வளராமல் நின்றால், உடலே அதை மெல்லக் கரைத்து வழி திறக்கிறது.

தலைவலி என்றாலே பயப்பட வேண்டாம். பெரும்பாலான தலைவலிகள் தூக்கமின்மை, காய்ச்சல், ஒற்றைத் தலைவலி போன்றவற்றால் வருபவை. ஆனால் புதிதாக வந்த தலைவலி நாளுக்கு நாள் ஏறினால், அதோடு வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, கை கால் தளர்ச்சி, மயக்கம் இவற்றில் ஏதேனும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிப்பைப் பேய்க் கோளாறு என்று மந்திரித்து நாள் கடத்தக் கூடாது. மலையின் உள் ஊர்களிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கவே நேரமாகும். ஆகவே 108ஐ அழைக்கத் தயங்காதீர்கள். பிரசவமாகி எத்தனை நாளாயிற்று என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சாதாரண ஸ்கேனில் இந்த அடைப்பு தெரியாமல் போகலாம். சிரைகளைக் காட்டும் தனி ஸ்கேன் தேவைப்படலாம்.

உங்கள் வீட்டில் அக்காவோ சித்தியோ பிள்ளை பெற்று வந்திருக்கிறார்களா? பெரியவர்களுக்கு இதைப் பொறுமையாக விளக்குங்கள். ஒரு சொம்பு வெந்நீர் ஆற்றி, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.