சனியின் பார்வை போதும், சர்க்காரின் பார்வை எங்கே?

திருநள்ளாற்றில் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் சனிப்பெயர்ச்சி. சாரை சாரையாக வந்தனர் மக்கள். நள தீர்த்தத்திலே மூழ்கினர், எழுந்தனர், வரிசையிலே நின்றனர். கூட்டம் நெரிபடாதிருக்கத் தடுப்புகள் கட்டினார்கள், காவலரை நிறுத்தினார்கள், அதிகாரிகள் முன்கூட்டியே வந்து வழிகளை அளந்து பார்த்தார்கள். குறை சொல்லவில்லை நாம். பத்துப் பேர் கூடும் இடமானாலும் பாதுகாப்பு வேண்டும் என்பதுதான் நமது கட்சி. பக்தி அவரவர் விருப்பம், பாதுகாப்பு அனைவர் உரிமை!

ஆனால் ஒன்று. சனியின் பார்வை பட்டுவிடுமோ என்று அஞ்சுகிறார்கள் அவர்கள். இன்ஸ்பெக்டரின் பார்வை படவில்லையே என்று அஞ்சுகிறோம் நாம்!

யார் மீது படவில்லை? காலை எட்டு மணிக்குத் தாயின் இடுப்பிலிருந்து இறக்கப்பட்டு, மாலை ஆறு மணிக்கு மீண்டும் அந்த இடுப்பிலே ஏறுகிறதே, அந்தப் பச்சிளங் குழந்தையின் மீது. இடையிலே பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரம் அது இருக்கும் வீட்டுக்கு வாசல் எத்தனை, அடுப்பு எங்கே, கிணற்றுக்கு மூடி உண்டா, பார்த்துக் கொள்ளும் பெண் ஒருத்தியா இருவரா, அவள் மடியிலே எத்தனை பிள்ளைகள்? சனி எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறான் என்பதை நாழிகைக் கணக்கிலே சொல்லும் நாட்டில், பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்ற கணக்கைக் கேட்பாரில்லை.

முன்பு நமது கழனிப் பெண்கள் என்ன செய்தார்கள்? நடவு நடப் போகும்போது வரப்போரத்து மரத்திலே பழஞ்சேலையால் ஏணை கட்டினார்கள். சேற்றிலே கால், மரத்திலே கண், மார்பிலே பால் கட்டிய வலி. பண்ணையாரின் காரியஸ்தன் கூப்பிட்ட குரலுக்குப் பிள்ளை அழுத குரல் அடங்கித்தான் போக வேண்டும். இன்று நெடுங்காட்டிலே நடவு இயந்திரம் வந்துவிட்டது. கழனிக்குப் போன அம்மாவின் மகள் துணிக்கடையிலே நிற்கிறாள், மருத்துவமனையிலே ஊசி போடுகிறாள், பள்ளியிலே பாடம் சொல்கிறாள். ஏணை கட்ட மரமில்லை. பார்த்துக் கொள்ளப் பாட்டியும் இல்லை. பாட்டியும் கூடையைத் தூக்கிக் கொண்டு மீன் விற்கப் போய்விட்டாள். ஆகவே முளைத்தன காப்பகங்கள். முளைத்தது தவறல்ல, முளைத்தே தீரவேண்டும். பெண்ணை அடுப்படியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று செங்கல்பட்டிலே 1929இல் சுயமரியாதை மாநாடு கூட்டிய இயக்கம், அவள் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவாள் என்பதைக் கேட்காமலிருக்க முடியுமா?

இதற்கு மேல்நாட்டார் வைத்த பெயர் கிரெஷ். பிரெஞ்சுச் சொல். 1844ஆம் ஆண்டு நவம்பரிலே பாரிசின் ஷாயோ பகுதியில், பிர்மேன் மார்போ என்பவர் உழைக்கும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்காக முதல் கிரெஷைத் திறந்தார். அப்போது காரைக்கால் யார் கையிலே இருந்தது? அதே பிரெஞ்சுக்காரர் கையிலே! 1739இல் வந்தவர்கள் 1954 நவம்பர் முதல் நாள்தான் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு 1930லேயே சோறு போட்டார்கள், மறுக்கவில்லை. 1945இல் தங்கள் தாய்நாட்டிலே தாய்சேய்ப் பாதுகாப்புத் துறை என்று ஒன்றை நிறுவினார்கள். கிரெஷ் திறக்க வேண்டுமா, அந்தத் துறையினர் வந்து பார்க்க வேண்டும், பார்த்தபின்தான் திறக்க வேண்டும் என்றார்கள். தவழும் பிள்ளைகள் ஐவருக்கு ஒருவர், நடக்கும் பிள்ளைகள் எண்மருக்கு ஒருவர் என்று கணக்கு வகுத்தார்கள். அரசலாற்றங்கரைக்கு அந்தக் கணக்கு வந்து சேரவில்லை. போகும்போது மூட்டை கட்டியவர்கள் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள் போலும்!

பிரான்சிலே எல்லாம் பொன்னுலகம் என்று எண்ணிவிடாதீர்கள் தோழர்களே. 2022 ஜூனிலே லியோன் நகரத்திலே, முறையாக உரிமம் பெற்ற ஒரு சிறிய கிரெஷிலே, பதினொரு மாதக் குழந்தை ஒன்று பணிப்பெண்ணால் நஞ்சூட்டப்பட்டு இறந்தது. காலையிலே கதவைத் திறந்தபோது அந்தப் பெண் ஒருத்திதான் அங்கே. குழந்தைகள் மூவருக்கு மிகாதவரை ஒருவரே இருக்கலாம் என்று விதியே இடம் கொடுத்திருந்தது. நாடு கொதித்தது. சர்க்காரின் மேற்பார்வைக் குழு 2023 ஏப்ரலிலே அறிக்கை தந்தது. உரிமம் என்பது கதவைத் திறக்கும் சாவிதான். உள்ளே நடப்பதைக் காட்டும் விளக்கு சோதனைதான் என்பதை அந்தக் குழந்தையின் உயிரைக் கொடுத்துக் கற்றது பிரான்சு.

நாம் எத்தனை உயிர் கொடுத்துக் கற்றோம்? அந்நிய நாடு வேண்டாம், அண்டை ஊருக்கு வாருங்கள். கும்பகோணம்! 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கிருஷ்ணா பள்ளி. ஒரே கட்டடத்திலே மூன்று பள்ளிகள். கூரை கீற்றுக் கூரை. சத்துணவு சமைக்கும் அடுப்பிலே கிளம்பிய தீ கீற்றைப் பற்றியது. படிக்கட்டோ குறுகல். 94 குழந்தைகள் கருகினர்! பெற்றவர்கள் கையிலே கிடைத்தவற்றில் முகம் இல்லை, பெயர் இல்லை. கொலுசைப் பார்த்தும் கயிற்றைப் பார்த்தும் அடையாளம் சொன்ன கொடுமையை எழுதக் கை நடுங்குகிறது.

சட்டம் இல்லாமலா நடந்தது? தமிழ்நாட்டிலே பொதுக் கட்டட உரிமச் சட்டம் 1965ஆம் ஆண்டே வந்துவிட்டது. கட்டடம் உறுதியா, வழி உண்டா என்று பார்த்துச் சான்று தர வேண்டும். அப்படியானால் ஏன் எரிந்தது? 2009 ஏப்ரல் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் தீப் பாதுகாப்புப் பற்றி அளித்த தீர்ப்பிலே விடை இருக்கிறது: நகராட்சியின் கட்டட ஆய்வாளர்கள் மூன்றாண்டுகளாக அந்தப் பள்ளிப் பக்கம் வரவேயில்லை! மூன்றாண்டு. ஒரு கைக்குழந்தை பள்ளிக்குப் போகும் அளவுக்கு வளர்ந்துவிடும் காலம். தஞ்சை நீதிமன்றம் 2014 ஜூலை 30இல் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. பத்தாண்டு கழித்து! அன்றைக்கு எரிந்தவர்கள் இருந்திருந்தால் அவர்களில் பலர் கல்லூரி வாசலிலே நின்றிருப்பார்கள்.

சட்டங்கள் நம்மிடம் குறைவல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையிலே குழந்தைகள் அறை வேண்டும் என்றது. 1976இல் அந்த ஐம்பது முப்பதாயிற்று. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், ஆணும் பெண்ணுமாக ஐம்பது பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றது. நல்ல விதி, மனமாரப் பாராட்டுகிறோம். 2025 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இடம் பெற்றிருக்கிறது. ஆனால் பாரதியார் வீதியிலே நடந்து பாருங்கள். நாலு பேர் நிற்கும் கடை, எட்டுப் பேர் நிற்கும் கடை. ஐம்பதுக்கு எங்கே போவாள் அந்தத் தாய்? நாற்பத்தொன்பது பேர் வேலை செய்யும் இடத்திலே தாய்க்குப் பால் சுரப்பதில்லையா?

2005ஆம் ஆண்டின் ஊரக வேலைச் சட்டமும் ஒன்று சொன்னது. வேலைக்கு வரும் பெண்களுடன் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் வந்தால், அவர்களைப் பார்த்துக் கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று. ஒரு பெண், ஒரு மரநிழல், ஐந்து பிள்ளை. ஏணை கட்டிய காலத்துக்கு அதுவே பெரிய முன்னேற்றம்!

2018இலே டில்லியின் மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் காப்பகங்களுக்கான குறைந்தபட்ச வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்டவர்கள் இருபது பேருக்கு ஒருவர். தலைக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி இடம். தரைத்தளமாக இருத்தல் நலம். படிக்க இனிக்கிறது. பிரான்சிலே ஐந்துக்கு ஒருவர், இங்கே பத்துக்கு ஒருவர். நமது பெண்களுக்குக் கை இரண்டு அதிகம் என்று டில்லி நினைத்ததோ என்னவோ! குழந்தை உரிமை ஆணையமும் தனியார் மழலைப் பள்ளிகளுக்கென நெறிகள் தந்திருக்கிறது. அவை மூன்று முதல் ஆறு வயது வரை, நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் என்ற அளவிலே நிற்கின்றன. ஒன்றரை வயதுப் பிள்ளை, பத்து மணி நேரம், வாடகை வீட்டின் நடுக்கூடம் — இது எந்த ஏட்டிலே அடங்கும்? இந்த இடுக்கிலேதான் விழுந்து கிடக்கிறது நமது பிள்ளை.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களிலே தொடங்கிய அந்தத் திட்டம் இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் மையங்களாக விரிந்திருக்கிறது. வயிற்றுக்குச் சோறு தந்தது, நோய்க்குத் தடுப்பூசி தந்தது; வாழ்க. ஆனால் மாலைவரை பிள்ளையை வைத்திருப்பதற்காகப் படைக்கப்பட்டதல்ல அது. 2022இல் பால்னா என்ற திட்டத்தின்கீழ் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து 17,000 மையங்கள் என்று இலக்கு வைத்தார்கள். 14 லட்சத்திலே 17,000! நூறு வீட்டுக்கு ஒரு வீட்டிலே விளக்கேற்றிவிட்டுத் தீபாவளி என்கிறார்கள்.

காரைக்காலுக்கென்று தனி ஆபத்து ஒன்று உண்டு. இது டெல்டா. அரசலாறு, நூலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு என்று கை விரித்துக் கடலிலே கலக்கும் மண். வாசலிலே வாய்க்கால், கொல்லையிலே குளம். தண்ணீர்தான் நமது செல்வம், தவழும் பிள்ளைக்கோ தண்ணீர்தான் எமன். குளம்கூட வேண்டாம், பாதி நிறைந்த வாளி போதும். உலக சுகாதார நிறுவனம் 2014ஆம் ஆண்டிலே நீரில் மூழ்கி இறப்பது பற்றித் தந்த அறிக்கையில், பள்ளி வயதுக்கு முற்பட்ட குழந்தைகளைத் தண்ணீருக்கு அப்பால், தகுந்தவர் கண்காணிப்பிலே காப்பகத்தில் வைப்பதை முதன்மையான தடுப்பு வழிகளிலே ஒன்றாகச் சொன்னது. நம்மைப்போலவே ஆற்று மண்ணான வங்காள தேசத்திலே அதைச் செய்தும் காட்டினார்கள். ஆஞ்சல் என்று பெயர். முந்தானை என்று பொருள். காலை ஒன்பது முதல் பகல் ஒரு மணிவரை, தாய் சமையலிலும் வேலையிலும் மூழ்கியிருக்கும் அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளை குளத்திலே மூழ்குகிறது என்று கண்டறிந்து, அந்த நேரத்துக்குப் பிள்ளைகளை ஊர்ப் பெண் ஒருத்தியின் வீட்டிலே சேர்த்து வைத்தார்கள். மாளிகை கட்டவில்லை. கதவிலே தடுப்பு, பயிற்சி பெற்ற பெண், மேலிருந்து பார்க்க ஆள். அவ்வளவுதான்.

ஆகவே உரிமம் கொடுக்க வருகிறவர் சுவரின் நீள அகலத்தை மட்டும் அளந்துவிட்டுப் போகக் கூடாது என்கிறோம். தண்ணீருக்கு எத்தனை அடி என்று நடந்து பார்க்கட்டும். காஸ் சிலிண்டர் பிள்ளைகள் படுக்கும் அறைக்குள்ளா வெளியிலா என்று பார்க்கட்டும். பின்கதவைத் திறக்கச் சொல்லட்டும். திறக்கிறதா, மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். மாலையிலே பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர் யாரென்று எழுதும் ஏட்டைப் புரட்டட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பகல் இரண்டு மணிக்கு வரட்டும்! காலையிலே வந்தால் கோலம் போட்டிருக்கும், கொடியிலே துணி காய்ந்திருக்கும். இரண்டு மணிக்குத்தான் உண்மை உறங்கிக் கொண்டிருக்கும். பிள்ளைகள் எப்படித் தூங்குகிறார்கள், தூங்காத பிள்ளையை யார் தூக்கி வைத்திருக்கிறார்கள், ஆள் வந்ததும் ஓடி வருகிறார்களா ஒடுங்கி நிற்கிறார்களா? அந்த ஒடுக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர்தான் ஆய்வாளர். அவர் கண்டதை எழுதி வாசலிலே ஒட்ட வேண்டும், தாய் படிக்கும் உயரத்திலே, தாய் படிக்கும் தமிழிலே.

"உரிமம் என்றால் மாமூல் என்று பொருள்" என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிப்பிலே உண்மையும் உண்டு. பத்துப் பிள்ளைகளை வைத்துப் பிழைக்கும் கைம்பெண்ணிடம் போய்ப் பளிங்குத்தரை கேட்டால் அவள் கதவைச் சாத்திவிடுவாள். பிள்ளைகள் மறுபடி பூட்டிய வீட்டுக்குள், ஏழு வயது அக்காளின் காவலிலே! அதைவிடக் கேடு வேறில்லை. பெரிய கட்டணம் வாங்கும் இடத்துக்கு ஒரு தரம், ஐந்து பிள்ளைகளை வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு தரம் இருக்கட்டும். ஆனால் தீ, தண்ணீர், வாசல், பார்த்துக் கொள்ளும் ஆளின் எண்ணிக்கை — இந்த நான்கிலே ஏழைக்கு ஒரு சட்டம் பணக்காரனுக்கு ஒரு சட்டம் கூடாது. தடுப்பு வைக்கக் காசில்லாதவளுக்குச் சர்க்கார் காசு கொடுக்கட்டும். தண்டனை முன்னே போய் உதவி பின்னே போவதைத்தான் எதிர்க்கிறோம் நாம்.

பிள்ளையைத் தூக்கும் கைக்குக் கூலி என்ன என்பதையும் அந்த ஏட்டிலே எழுதுங்கள். அங்கன்வாடி ஊழியருக்கு 2018 அக்டோபரில் டில்லி உயர்த்திக் கொடுத்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். சம்பளம் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை அவர்களுக்கு, மதிப்பூதியம்! அந்தப் பெண்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்ச நீதிமன்றம் போய்த்தான் சொல்ல வைக்க வேண்டியிருந்தது. அரைவயிற்றுக் கூலி வாங்கும் கை, அடுத்தவள் பிள்ளையை முழுமனதோடு அணைக்க வேண்டும் என்று எந்த ஆய்வாளரும் கேட்க முடியாது.

யாரிடம் கேட்பது இதையெல்லாம்? பாவேந்தர் ஆசிரியராக அடியெடுத்து வைத்த நிரவியிலிருந்து ஒரு மனு புறப்பட்டால், இரண்டு தமிழ்நாட்டு மாவட்டங்களைத் தாண்டி, 130 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து புதுச்சேரிக்குப் போக வேண்டும். அங்கே துணைநிலை ஆளுநர் மாளிகை. அதற்கப்பால் டில்லி. கோப்பு நடை பழகி முடிப்பதற்குள் குழந்தை நடை பழகி ஓடிவிடும். ஆயினும் சட்டமன்றம் என்று ஒன்று இருக்கிறது. நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி-திருப்பட்டினம் என ஐந்து தொகுதிகளிலிருந்து ஐவர் அங்கே அமர்ந்திருக்கிறார்கள். கேள்வியை நாமே எழுதித் தருகிறோம், எழுந்து கேட்டால் போதும்: காரைக்கால் மாவட்டத்திலே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பகலிலே வைத்துப் பார்க்கும் இடங்கள் எத்தனை, அவற்றுள் சென்ற ஓராண்டிலே அதிகாரி ஒருவர் அறிவிக்காமல் போய்ப் பார்த்தவை எத்தனை, அவர் எழுதிய அறிக்கை எந்த வாசலிலே ஒட்டப்பட்டிருக்கிறது?