நகரத்தைக் காண ஓர் உயரம்

திருச்சிராப்பள்ளியில் வாழ்கின்றவருக்குத் தம் ஊரை ஒரே பார்வையில் காண ஆசை உண்டானால், உச்சிப்பிள்ளையார் கோயில் படிகளை ஏறிவிட்டால் போதும். காவிரியும் ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் கண்ணெதிரே விரிந்துவிடும். சென்னைவாசிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கடலோரத்து மணலில் தட்டையாகப் பரந்து கிடக்கும் இந்நகரத்திலே பிறந்து வளர்ந்து தலை நரைத்தவர்கள்கூடத் தம் தெருவையும் அடுத்த தெருவையும் அறிவார்களேயன்றி, ஊரின் வடிவத்தை அறியமாட்டார்கள். உயரத்தை இங்கே தேடித்தான் போக வேண்டும்.

எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்ல காட்சி என்று நினைப்பது ஒரு பிரமை. ஆகாய விமானத்தின் ஜன்னலிலிருந்து பார்ப்பவருக்கு ஊர் ஒரு வரைபடமாகத் தெரிகிறது. அதில் மனிதர் இல்லை. தெருக்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பது விளங்கும் அளவுக்கு உயர்ந்தும், அந்தத் தெருவில் நடப்பவர் கிழவரா சிறுவரா என்பது புலப்படும் அளவுக்குத் தாழ்ந்தும் இருக்கிற இடமே உத்தமமான இடம்.

மெரினாவின் கலங்கரை விளக்கம் அத்தகையது. சென்னைக் கடற்கரைக்கு வெளிச்சம் காட்டிய விளக்குகளில் இது நான்காவது. 1796இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேலே ஏற்றப்பட்ட விளக்கு, 1844இல் கருங்கல் தூண் ஒன்றுக்கும், 1894இல் உயர்நீதிமன்றத்தின் உச்சி மாடத்துக்கும் இடம் மாறி, 1977இல் இங்கே வந்து சேர்ந்தது. பாதுகாப்பை முன்னிட்டு நெடுங்காலம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்த இக்கட்டடம் 2013இல் மறுபடியும் திறக்கப்பட்டது. மேலே செல்ல லிப்ட் உண்டு.

நான் போயிருந்த மாலையில், வடக்கே கோடு கிழித்தாற்போல் நீண்ட காமராஜர் சாலையையும் தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெண்ணிறக் கோபுரத்தையும் விட, நேர் கீழே நொச்சிக்குப்பத்து மணலில் ஒருவர் கால்விரலில் வலையைப் பற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு அதன் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்ததையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற சிறுமி ஒருத்தி, "அப்பா, நம்ம வீடு எது?" என்று விடாமல் கேட்க, அவர் கையை நீட்டி, "அந்தக் கறுப்புத் தண்ணித் தொட்டி தெரியுதா, அதுக்குப் பக்கத்துல" என்றார். நூற்றுக்கணக்கான கறுப்புத் தொட்டிகள் தெரிந்தன. அவளோ கொடியில் உலர்ந்த ஒரு மஞ்சள் புடவையைக் கொண்டு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள்.

இயற்கை நமக்கு அளித்த உயரம் பரங்கிமலை. சுமார் 300 அடி உயரமுள்ள அக்குன்றின் உச்சியில் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. அங்கு ஏறிச்செல்லும் படிகளை 18ஆம் நூற்றாண்டில் அமைத்தவர் பெத்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். வாகனம் போகப் பாதை இருந்தாலும் படியேறுவதையே நான் சிபாரிசு செய்வேன். ஏறும் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பிப் பார்க்க, முதலில் கூரைகளும், பிறகு கத்திப்பாராவின் வளைந்த பாலங்களும், கடைசியில் மீனம்பாக்கத்து ஓடுபாதையும் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

இந்தியா முழுவதையும் அளந்து வரைபடமாக்கிய மகத்தான முயற்சிக்கும் இக்குன்றின் அருகேதான் பிள்ளையார் சுழி போடப்பட்டது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இங்கே சங்கிலியைத் தரையில் வைத்து ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார். தரையில் ஒரு கோட்டைச் சுத்தமாக அளந்துவிட்டால், மற்றத் தூரங்களை உயரமான இடங்களிலிருந்து கோணங்களைப் பார்த்தே கணக்கிட்டுவிடலாம். தென்னையும் பனையும் பார்வையை மறைத்த தஞ்சைச் சமவெளியில் குன்றில்லாத குறையைக் கோயில் கோபுரங்கள் தீர்த்தன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. மனமுடைந்து விடாமல், அதைத் தாமே பல வாரங்கள் உட்கார்ந்து சீர்செய்து மேற்கொண்டு அளந்தார் அந்த மனிதர். தூரத்தைக் காண வேண்டும் என்ற தாகம் ஒருவரை எவ்வளவு பாடுபடுத்தும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

படியேற இயலாதவர்களுக்கு நான் சொல்லும் இடம் பறக்கும் ரயில். யாரும் அதை ஒரு காட்சிமேடையாகக் கருதுவதில்லை; ஆயினும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரையில், பக்கிங்காம் கால்வாயைத் தழுவி மொட்டைமாடிகளின் மட்டத்திலேயே அது செல்லும்போது, தெருவிலிருந்து பார்ப்பவருக்கு ஒருநாளும் அகப்படாத இரண்டாவது ஊர் ஒன்று தெரியும். பழைய வேட்டியில் பிழிந்துவைத்த வடாம், அதற்குக் காவலாகக் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் பாட்டி, புத்தகத்தோடு குறுக்கும் நெடுக்கும் நடக்கும் பரீட்சை மாணவன். கூட்டமில்லாத முற்பகலில் இடப்புற ஜன்னலோரமாக அமர்ந்துகொள்ளுங்கள். கட்டடங்களின் இடைவெளியில் அவ்வப்போது கடல் ஒரு நீலக் கீற்றாக மின்னி மறையும்.