பழைய துப்பாக்கிக்கு எஃகு ரவை ஏன் ஆகாது?

அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991 முதல் நாடு முழுவதும் தடை. சுட்ட ரவைகள் சதுப்பு நிலச் சேற்றில் தங்கிவிடும். இரையை அரைக்கப் பொடிக்கற்களை விழுங்கும் வாத்துகள் அவற்றையும் சேர்த்து விழுங்கும். அரைவைப்பையில் ஈயம் தேய்ந்து, அமிலத்தில் கரைந்து, ரத்தத்தில் கலக்கும். இரை இருந்தும் செரிக்க முடியாமல் பறவை மெலிந்து சாகும். கொடுமையான சாவு அது, தடை நியாயமானதே.

மாற்றாக வந்தது எஃகு ரவை. மலிவு, நஞ்சில்லை. ஆனால் நூறாண்டு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு ஆகாது. குழலின் வாய் குறுகும் இடத்தில் ஈயம் நசுங்கி வழிவிடும், எஃகு நசுங்காது. பழைய குழல்களின் உலோகம் மென்மையானது, சுவரும் மெல்லியது. அந்தக் குறுகலில் நெருக்கியடிக்கும் எஃகு ரவைகள் குழலை வளையமாக உப்ப வைக்கலாம், உட்புறத்தைக் கீறலாம்.

இங்கேதான் எஃகைவிட மென்மையான பிஸ்மத் உலோகம் உதவுகிறது. தனிம அட்டவணையில் ஈயத்துக்கு அடுத்த கட்டம். நச்சுத்தன்மையோ மிகக் குறைவு. எளிதில் நொறுங்கும் என்பதால் சிறிது வெள்ளீயம் சேர்க்கிறார்கள். கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், எஃகு 7.8, இந்தக் கலவை சுமார் 9.6. அடர்த்தி கூடினால் ரவை வேகத்தை அதிக தூரம் தக்கவைக்கும். பறவை காயத்தோடு தப்பி வதைபடுவது குறையும். விலைதான் அதிகம்.

பிஸ்மத் என்பதற்காக எந்தத் தோட்டாவையும் போட்டுவிடக் கூடாது. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் இரண்டேமுக்கால். சுட்டதும் விரியும் நுனிக்கு இடம் போதாமல் அழுத்தம் எகிறும். தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் அறையையும் குழல் சுவரையும் அளந்து சொன்ன பிறகே, குறைந்த அழுத்தத் தோட்டாவாகப் பார்த்து வாங்க வேண்டும்.