தங்கூசி வலையும் நீதிமன்றமும்

குருக்கள்மடம் துறையில் நின்று மேற்கே பார்த்தால் வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறை தெரியும். 2007ஆம் ஆண்டு படுவான்கரையில் போர் மூண்டபோது, வயலையும் மாட்டையும் விட்டுவிட்டு எழுவான்கரைக்கு வந்த குடும்பங்கள் பல. வேளாண்மை இல்லாத நாட்களில் அன்றாட உணவுக்கு வாவியே கைகொடுத்தது. ஆனால், மண்வெட்டி பிடித்துப் பழகியவருக்கு மீன்பிடிச் சட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை. கடையில் மலிவாகக் கிடைத்த வலையை வாங்கி இறங்கியவர் நீதவான் முன் நிற்க நேர்வது இப்படித்தான்.

இன்று நடைமுறையில் உள்ளது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டமாகும். பெயரில் கடல் என்று இருந்தாலும் வாவிக்கும் இச்சட்டம் உண்டு. மீன்பிடித் தோணி பதிவு செய்யப்பட வேண்டும். குறித்துரைக்கப்பட்ட தொழில்முறைகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வெடிமருந்தோ நஞ்சோ பயன்படுத்தி மீன் பிடிப்பது பெருங்குற்றம். அதற்கான தண்டனையும் ஏனையவற்றைவிடக் கடுமையானது. தள்ளுவலை 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளிலேயே தடை செய்யப்பட்டது. 2006இல் தங்கூசி வலையும் அப்பட்டியலில் சேர்ந்தது. இழுவைமடித் தொழில் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. (வடக்கில் பிடிபடும் இந்திய இழுவைப் படகுகள் மீதான வழக்குகளில் 1979ஆம் ஆண்டின் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் சட்டமும் வருவதால், அவற்றை எமது வாவி வழக்குகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.)

வாவியில் அதிகம் பேசப்படுவது தங்கூசி வலைதான். சாதாரண நைலோன் வலை பல இழைகளை முறுக்கிச் செய்யப்படுவது. தங்கூசியோ ஒற்றை இழை. நீரில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மீன் விலகிப் போவதில்லை. விலையும் குறைவு, பாடும் அதிகம். ஆனால் அது உக்குவதில்லை. கண்டல் வேரில் சிக்கி அறுந்த துண்டு, எடுப்பாரில்லாமல் மாதக்கணக்கில் மீனையும் நண்டையும் கொன்றுகொண்டே கிடக்கும். விவசாயிக்குச் சொல்வதானால், விதைநெல்லை அவித்துத் தின்பது போன்றது இது. வேளாண்மைக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில் எடுத்த முடிவை மீறி ஒருவர் தண்ணீரை மறித்தால் அவர்மேல் வழக்கு வருவதை நாம் அறிவோம். வாவியிலும் அதே நியாயம்தான்.

இருந்தாலும், இவ்வலையை நாட்டுக்குள் கொண்டு வருபவரும் விற்பவரும் அகப்படாமல், கடன்பட்டு வாங்கிய ஏழை மட்டும் அகப்படுவது நீதியாகுமா என்ற கேள்வி எமக்கு உண்டு. அக்கேள்வியை மீனவர் சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

பிடிபட்டால் என்ன நடக்கும்? கடற்றொழில் பரிசோதகரோ, பொலிசாரோ, கடற்படையினரோ வலையையும் தோணியையும் கைப்பற்றலாம். தடைசெய்யப்பட்ட வலையைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். கைப்பற்றிய பொருட்களின் விபரம் எழுதப்படும்போது அதை வாசித்துப் பார்த்தே கையொப்பமிடுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். எமது பக்கத்து வழக்குகள் களுவாஞ்சிகுடி அல்லது மட்டக்களப்பு நீதவான் நீதிமன்றத்துக்கு வரும். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நீதிமன்ற மொழி. குற்றப்பத்திரம் வாசிக்கப்படும்போது விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று சொல்லலாம்; அது நீதிமன்றத்தை அவமதிப்பதாகாது.

குற்றத்தை ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் அன்றே தண்டப்பணம் விதிக்கப்படும், வலை அழிக்கப்படும். ஏற்காவிட்டால் விசாரணைக்குத் தவணை இடப்படும். "ஒப்புக்கொண்டால் இன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, செய்யாத குற்றத்தை ஏற்காதீர்கள். அடுத்த முறை பிடிபடும்போது முந்திய தீர்ப்பு உங்களுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும். தண்டப்பணத்தை ஒரேயடியாகக் கட்ட முடியாதவர் தவணைப் பணமாகக் கட்ட அனுமதி கேட்கலாம்; குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. கேட்காமல் இருந்துவிட்டு, பணம் கட்டாததற்காகச் சிறை செல்ல வேண்டியதில்லை.

தோணியை வாடகைக்கு எடுத்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோணி சான்றுப்பொருளாக நிற்கும் காலத்தில் சொந்தக்காரரின் பிழைப்பும் நின்றுபோகும். எனவே பதிவுப் பத்திரம் யார் பெயரில் உள்ளது, வாடகை எப்படிப் பேசப்பட்டது என்பவற்றை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தரணிக்குப் பணமில்லாதவர்கள் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தை நாடலாம். போகும்போது அடையாள அட்டை, பிணைப் பத்திரம், தவணைத் திகதி எழுதிய துண்டு, வருமானம் பற்றிய கிராம சேவகரின் கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தவணைக்கு முதல்நாள் போகாமல், சில நாட்கள் முந்தியே போங்கள்.