கணினியின் காய்ச்சலும் தாய்ப்பலகையின் கட்டளையும்

கோடை வெயிலிற் கணினி கொதிப்பது வியப்பன்று. தென்மேற்குக் காற்று வீசும் ஆடித் திங்களில், சங்கரன்கோவிலில், ஒரு கணினி 100 டிகிரி செல்சியசை நெருங்கிக் காய்ந்தது எனின், அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டுமன்றோ?

நம் பெரிய தகப்பனார் அவ்வூரிற் சிறிய அச்சகம் ஒன்று நடத்துகின்றார். ஆடித்தபசுத் திருவிழாவை முன்னிட்டு வேலைகள் குவிந்திருந்த வேளையில், அவரது கணினி பெரிய படமொன்றைத் திறந்தவுடன் வேகங் குன்றியது. சிலபோது தானே அணைந்தது. விசிறியின் தூசியை நீக்கினோம். செயலியின்மேல் இடும் வெப்பப் பசையைப் புதுப்பித்தோம். காய்ச்சல் தணியவில்லை. புதிய செயலி வாங்குக என்றனர் சிலர். அச்செலவைத் தாங்கும் நிலையில் அவ்வச்சகம் இல்லை.

நிற்க, செயலி ஏன் சுடுகின்றது என்பதை முதலில் அறிவோம். அதனுள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஓயாது திறந்து மூடுகின்றன. அவ்வியக்கத்தால் எழும் வெப்பம் செயலியின் வேகத்தைப் பொறுத்தும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும் பெருகும். மின்னழுத்தம் நூற்றுக்குப் 10 பங்கு குறையின், அவ்வெப்பம் ஏறத்தாழ 19 பங்கு குறையும். வெப்பம் எல்லையை எட்டினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும்; மேலும் மிஞ்சினால் கணினி அணைந்துவிடும்.

எவ்வளவு மின்சாரம் ஊட்டலாம், விசிறி எப்போது விரைந்து சுழல வேண்டும் என்பவற்றை வகுப்பது தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லினுள் பதிந்திருக்கும் நிலைபொருள். பயாஸ் என வழங்குவதும் இதுவே. விண்டோஸ் முதலியவை எழுமுன் இது விழித்தெழும். ஆதலின் இதன்கண் பிழையிருப்பின், விசிறியை எத்துணை துடைத்தும் பயனில்லை.

இஃது கற்பனையன்று. 2023-ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் சில, பொருத்துவாயிலேயே கருகின. அந்நிறுவனம் எஸ்.ஓ.சி. மின்னழுத்தம் எனப்படுவதை 1.3 வோல்ட்டுக்கு மேற்போகாமல் தடுக்கும் திருத்தத்தை நிலைபொருள்வழி அளித்தது. 2024-இல் இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலைகுலைந்தன. நுண்கட்டளைப் பிழையால் அவை மிகையான மின்னழுத்தத்தைக் கேட்டமை ஒரு காரணம். ஆகஸ்டில் வந்த திருத்தம் அதனை 1.55 வோல்ட்டுக்குள் நிறுத்தியது. மேலும், அவ்வரிசையின் உயர்தரச் செயலிகளுக்கு இன்டெல் வகுத்த எல்லை 253 வாட்டாயிருக்க, பல தாய்ப்பலகைகள் அவ்வெல்லையை நீக்கியே விற்கப்பட்டன. எல்லையைப் பேணும் அமைப்பு அவ்வாண்டிலேயே புதிய நிலைபொருள்களில் இடம்பெற்றது.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. முன்னரே சிதைந்த செயலியை அத்திருத்தம் மீட்காது என்று இன்டெல் நிறுவனமே கூறியது. இது வருமுன் காப்பதேயன்றி, வந்தபின் தீர்க்கும் மருந்தன்று.

இனி, புதுப்பிக்கும் முறை. தாய்ப்பலகையின் மாதிரிப் பெயரையும் பதிப்பெண்ணையும் எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்க. வேறொரு பலகைக்குரிய கோப்பு கேடு விளைக்கும். செய்தோரின் இணையதளத்திலிருந்தே கோப்பைப் பெறுக. அதனோடு வரும் குறிப்பைப் படித்து, நம் குறைக்கு அதில் தீர்வுண்டா எனக் காண்க. இல்லையேல் வாளாவிருத்தல் நன்று. வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருப்பின் அதன் மீட்புச் சாவியை முன்னரே எழுதி வைக்க. பின்னர்க் கோப்பைப் பென்டிரைவில் இட்டு, கணினி எழும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாசினுள் நுழைந்து, அங்குள்ள புதுப்பிக்கும் கருவியை இயக்குக.

அச்சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் நிலைபொருள் பாதியில் அறுந்து கணினி எழாமலே போகலாம். ஆதலின் யூ.பி.எஸ். இன்றித் தொடங்கலாகாது. மணவாளன் வரும் நேரத்தில் எண்ணெய் தேடிப்போன கன்னியரின் நிலை நமக்கும் நேரலாகாதன்றோ? முடிந்தபின் பழைய அமைப்புகள் மாறியிருக்கும்; விசிறியின் அமைப்பையும் வெப்பநிலையையும் மீண்டும் பார்த்தல் வேண்டும்.

பெரிய தகப்பனாரின் பலகைக்கும் மின்னெல்லையைத் திருத்தும் புதிய பதிப்பு வந்திருந்தது. யூ.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி, ஓரிரவில் அதனை ஏற்றினோம். மறுநாள் பெரிய படங்களைத் திறந்தபோதும் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டவில்லை. வேகஞ் சிறிது குறைந்தது உண்மையே. ஆயினும் கணினி ஒருமுறையேனும் அணையவில்லை. அச்சு வேலைகள் உரிய நாளில் உரியவரிடம் சென்றன. புதிய செயலிக்கென எடுத்துவைத்த பணம் காகிதம் வாங்க உதவிற்று.

பொறி ஒன்று காய்ந்தால் அதனை மாற்றுமுன், அதற்கு நாம் இட்டிருக்கும் கட்டளை யாதென ஒருமுறை பார்த்தல் நலம்.