விஷம் சாப்பிடும் செடி!

பொடுகுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஷாம்பு பாட்டிலின் முதுகைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் பொடி எழுத்தில் 'செலினியம் சல்ஃபைடு' என்று போட்டிருக்கும். அந்தக் கால ஜெராக்ஸ் மெஷின் உருளையில் பூசியிருந்ததும் இதே செலினியம்தான். 1817-ல் ஸ்வீடன் விஞ்ஞானி பெர்சீலியஸ் கண்டுபிடித்து, கிரேக்கர்களின் சந்திர தேவதை பெயரை வைத்தார். பெயர்தான் நிலா. குணம் கொஞ்சம் வில்லங்கம்!

நமக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 55 மைக்ரோகிராம். அதாவது, ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் 55 பங்கு. தினமும் 400-ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள். தாண்டிக்கொண்டே போனால் முடி கொட்டும், நகம் உதிரும். இவ்வளவு நுணுக்கமான கணக்கை நமக்காக யார் பார்ப்பது? மண்ணும் செடியும்தான். இரண்டுமே கணக்கில் கொஞ்சம் வீக்!

செடி ஏமாறுவதற்குக் காரணம் ஆள்மாறாட்டம். செலினியம், கந்தகத்தின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. கந்தகத்துக்காக வேர் திறந்து வைத்திருக்கும் வாசல் வழியே இதுவும் டிக்கெட் இல்லாமல் ஏறிவிடும். புரதம் தயாராகும்போது அண்ணனின் சீட்டில் தம்பி உட்கார்ந்தால் புரதம் கோணிக்கொள்ளும். செடி வெளுத்து வாடும்.

ஆனால், மேற்கு அமெரிக்காவில் சில கில்லாடிச் செடிகள் உண்டு. அவரைக் குடும்பத்து அஸ்ட்ரகாலஸ், கடுகுக் குடும்பத்து ஸ்டான்லேயா. செலினியத்தைப் புரதத்தில் சேர முடியாத வடிவத்துக்கு மாற்றி இலையில் பதுக்கிவிடும். உலர்ந்த இலை ஒரு கிலோவில் 1000 மில்லிகிராமுக்கு மேல்கூட! கிட்டே போனால் பூண்டு வாடை அடிக்கும். எதற்கு இந்தப் பதுக்கல்? தற்காப்புக்குத்தான். புழு, வெட்டுக்கிளியெல்லாம் ஒதுங்கிப் போய்விடும்.

பூட்டு என்று இருந்தால் கள்ளச்சாவியும் இருக்குமே! நம்மூர் முட்டைக்கோஸ் விவசாயிகளைப் பாடாய்ப்படுத்தும் வைரமுதுகு அந்துப்பூச்சியில் ஒரு வகை, ஸ்டான்லேயாவை வெளுத்துக் கட்டுவதாக 2006-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அந்தப் புழுவுக்குள் வளரும் குட்டிக் குளவிக்கும் விஷம் ஏறுவதில்லை. ஒரு செடியை நம்பி ஒரு காலனியே குடித்தனம் நடத்துகிறது!

இதெல்லாம் இயற்கை போட்ட கணக்கு. மனிதன் கை வைத்த கதை கலிஃபோர்னியாவில் நடந்தது.

அங்கே சான் வாக்கின் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதி மண், பழைய கடலடிப் பாறைகள் கரைந்து வந்தது. அதில் செலினியம் ஏராளம். பாசனம் செய்ததும் அது நீரில் கரைந்தது. வயலின் வடிகால் நீரைக் கொண்டுபோகக் கால்வாய் வெட்டினார்கள். திட்டம் பாதியில் நின்றுபோக, தண்ணீர் கெஸ்டர்சன் என்ற இடத்தில் குளமாகத் தேங்கியது. அது பறவைகள் சரணாலயமும்கூட!

தண்ணீரில் இருந்தது லிட்டருக்கு 300 மைக்ரோகிராம் அளவுதான். ஆனால், அதைப் பாசி உறிஞ்சிப் பல நூறு மடங்காகச் சேர்த்தது. பாசியைப் பூச்சி தின்றது. பூச்சியைப் பறவை தின்றது. 1983-ல் முட்டைகளைச் சோதித்தவர்கள் அதிர்ந்து போனார்கள். கண் இல்லாத குஞ்சுகள், கோணல் அலகுகள், கால் முளைக்காத கருக்கள். 1986-ல் கால்வாயை மூடினார்கள். 1988-ல் பள்ளங்களில் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள்.

நம் நாட்டிலும் இது உண்டு. பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பக்கம் சில கிராமங்களின் மண்ணில் செலினியம் அதிகம். கோதுமை இலை பனி மாதிரி வெளுக்கும். அந்தத் தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பு வெடிக்கும்.

குறைந்தாலும் வம்புதான். மண்ணில் செலினியம் இல்லாத சீனாவின் கேஷான் பகுதியில் குழந்தைகளும் இளம்பெண்களும் இதய நோயில் மாண்டார்கள். 1970-களில் செலினியம் மாத்திரை கொடுத்துப் பார்த்ததும் நோய் பெருமளவு அடங்கியது. ஃபின்லாந்துக்காரர்கள் இன்னும் விவரம். 1980-களின் மத்தியிலிருந்து உரத்திலேயே அளந்து கலந்துவிடுகிறார்கள்.

ஆகவே, 'செலினியம் சேர்ந்தது' என்று ஏதாவது சத்து மாத்திரையைப் பார்த்ததும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கெஸ்டர்சன் பறவைகளுக்குத்தான் கேட்க ஆள் இல்லை.